அறுபது டெசிபலும் ஒரு ஜன்னல் மூலையும்

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்த இடம் குர்லா ஸ்டேஷன், ஏழாம் நம்பர் பிளாட்பாரம். நேரம் மாலை ஆறு நாற்பது. கையில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. நெஞ்சில் மலையளவு உறுதி. செம்பூரில் இறங்கும்வரை அந்த உறுதி ஒரு துளிகூடக் குறையவில்லை. குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

என் பெயர் அமிர்தநாதன். தாணேயில் ஒரு பட்டறையில் தரப் பரிசோதகர். கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் உருளைகளை அளந்து பார்ப்பேன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் 'செல்லாது' என்று ஒதுக்கிவிடுவேன். பட்டறையில் என் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. வீட்டில் என் வார்த்தையே கிடையாது.

வீடு என்றால் ஒரு ஹால், ஒரு அடுக்களை. மூன்றாம் மாடி. ஹார்பர் லைன் தண்டவாளம் எங்கள் சுவரை உரசாத குறையாக ஓடுகிறது. ஹாலில் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று. அதை ஒட்டி ஒரு மூலை. மூன்று அடிக்கு இரண்டே முக்கால் அடி. அந்த மூலையில், ஒரு ஸ்டூலின் மேல், என் ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. பக்கத்து அலமாரியின் தலையில் இரண்டு ஸ்பீக்கர்கள்.

இரண்டு மாதமாக அது பாடவில்லை. ஊசி ஒடிந்துவிட்டது. பாடாத பெட்டியின் மேல் முதலில் தூசி விழுந்தது. அப்புறம் என் மனைவி லூசியம்மாளின் கண் விழுந்தது.

லூசி ரவிக்கை தைப்பவள். எங்கள் கட்டடத்துப் பெண்களில் பாதிப் பேருடைய தோள் அளவும் கை அளவும் அவளுக்கு மனப்பாடம். இதுவரை கட்டிலின் ஓரத்தில் ஒரு பழைய கைமெஷினை வைத்துக்கொண்டு சமாளித்தாள். இப்போது மோட்டார் வைத்த மேஜை மெஷின் வாங்கப் போகிறாளாம். அதை வைக்க அந்த மூலை வேண்டுமாம்.

"பாடாத பெட்டிக்கு எதுக்குங்க ஜன்னல்? அது என்ன வேடிக்கையா பாக்கப் போகுது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் என் கையிலிருந்த சின்னப் பெட்டி.

அதற்குள் இருந்தது ஒரு கார்ட்ரிட்ஜ். ரெக்கார்ட் பிளேயரின் கை நுனியில், ஊசியைப் பிடித்திருக்கும் குட்டித் துண்டுக்குத்தான் அந்தப் பெயர். இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி நடுங்கும். அந்த நடுக்கத்தை கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றும். மிகமிகச் சின்ன மின்சாரம். அதை ப்ரீஆம்ப் என்ற இன்னொரு பெட்டி பெரிதாக்கி, ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். என் பழைய கார்ட்ரிட்ஜ் சாதாரண வகை. புதியது 'மூவிங் காயில்' வகை, உசத்தி, இதற்குமேல் வேறு கிடையாது என்று விற்றவர் சத்தியம் செய்தார். நான் நம்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியை உயர்த்திக் காட்டினேன்.

"இது வந்தாச்சு. இனிமே பெட்டி பாடும்."

"நல்லது," என்றாள் லூசி. விலை என்ன என்று கேட்கவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் நான் வாங்கி வந்த ஒரு பொருளின் விலையை அவள் கேட்காதது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜைப் பொருத்தினேன். எடையைச் சரிபார்த்தேன். எனக்குப் பிடித்த புல்லாங்குழல் இசைத்தட்டை வைத்தேன். ஊசியை இறக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றேன்.

கொசு ஒன்று தூரத்தில் குழல் பழகுவதுபோல் இருந்தது. சத்தக் குமிழை முழுவதும் திருகினேன். கொசு ஓரடி பக்கத்தில் வந்தது. அவ்வளவுதான்.

லூசி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்கங்க பாடுது? தாணேயிலயா?"

"இப்பத்தானே மாட்டியிருக்கேன். செட்டாக வேண்டாமா?"

"எப்ப செட்டாகும்?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள."

அவசரப்பட்டுச் சொன்னேன். அவசரமில்லாமல் பிடித்துக்கொண்டாள்.

"சரி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, பன்னெண்டு மணிக்கு நான் அடுக்களையில உக்காந்திருப்பேன். நீங்க ஹால்ல போடுங்க. ஒரு பக்கம் முழுசும், இரைச்சல் இல்லாம, அங்க எனக்குத் தெளிவாக் கேக்கணும். கேட்டா அந்தப் பெட்டியப் பரண்ல ஏத்துங்கன்னு இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன். கேக்கலன்னா மறுநாளே கோணிப்பையில கட்டிப் பரண்ல ஏத்திரணும்."

"சம்மதம்," என்றேன். குரல் கம்பீரமாக வந்தது. அந்த நேரம் பார்த்து பன்வேல் லோக்கல் ரயில் ஒன்று போனதால் அது யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் ப்ரீஆம்பைப் பையில் போட்டுக்கொண்டு அப்துல் ஹாதியின் கடைக்குப் போனேன். செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர். மேலப்பாளையத்துக்காரர். எங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் என்னைத் திட்டும் உரிமை அவருக்கு உண்டு.

"அண்ணாச்சி, உங்க பழைய கார்ட்ரிட்ஜு நாலு மில்லிவோல்ட் குடுத்துச்சு. புதுசு எவ்வளவு?"

"பெட்டியில புள்ளி நாலுன்னு போட்டிருக்கு."

"பத்துல ஒரு பங்கு. அதப் பாக்காமலா வாங்குனீங்க?"

"உசத்தின்னு சொன்னாரு."

"உசத்திதான். உசத்தியான ஆளுங்க மெதுவாத்தான் பேசுவாங்க. கேக்குறவனுக்குக் காது வேணும்லா?" ஹாதி பாய் ப்ரீஆம்பைக் கையில் எடுத்தார். "இது வந்த மின்சாரத்த எத்தன மடங்கு ஆக்குதோ, அதுக்குப் பேரு கெயின். நாப்பது டெசிபல்னா நூறு மடங்கு. நாலு மில்லிவோல்ட்ட நூறு மடங்கு ஆக்குனா ஆம்ப்ளிஃபயருக்கு வயிறு நிறையும். புள்ளி நாலை நூறு மடங்கு ஆக்குனா?"

"கால் வயிறு."

"பத்துல ஒரு வயிறு! நீங்கதான் பட்டறையில அளவெடுக்குற ஆளா?"

எனக்கு ரோஷம் வந்தது. "அப்போ நூறு மடங்கு பத்தாது. ஆயிரம் மடங்கு வேணும்."

"அதுதான் அறுபது டெசிபல். இருபது கூட்டுனா பத்து மடங்கு. அவ்வளவுதான் கணக்கு." ப்ரீஆம்பைக் கவிழ்த்தார். அடிவயிற்றில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருந்தது. மூன்று வருடமாக என் வீட்டில் இருக்கும் பெட்டிக்கு இப்படி ஒரு ஸ்விட்ச் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். நாற்பது, அறுபது, அறுபத்தாறு என்று மூன்று இடம். பேனா முனையால்தான் தள்ள முடியும்.

"அறுபதுல வைங்க. அறுபத்தாறுக்குப் போகாதீங்க. அது ரெண்டாயிரம் மடங்கு. இதவிட மெதுவாப் பேசுற கார்ட்ரிட்ஜுக்கு உள்ளது. கெயினுக்குக் கண்ணு கிடையாது அண்ணாச்சி. பாட்டையும் தூக்கும், இரைச்சலையும் தூக்கும்."

வீட்டுக்கு நடக்கும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். லூசி குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவளும் புள்ளி நாலு மில்லிவோல்ட் வகைதான். ஆனால் அவள் வாய்க்குள் முணுமுணுத்தால் தண்ணீர் பம்ப் போடுபவர் ஓடி வருகிறார். கேபிள்காரர் ஓடி வருகிறார். பால்காரர் கொடுத்த பாக்கெட்டை மாற்றித் தருகிறார். நான் நாலு வோல்ட்டில் கத்தினாலும் பக்கத்திலிருக்கும் பூனைகூடக் காதை அசைப்பதில்லை. எங்கள் கட்டடத்துக்கே யாரோ அடியில் பேனா முனையை விட்டு, கெயினை அவளுக்கென்று செட் செய்து வைத்திருக்கிறார்கள்.

அன்று மாலை ஹாதி பாய் சொன்னதை லூசியிடம் ஒப்பித்துவிட்டு ஸ்விட்சை அறுபதில் வைத்தேன். ஊசியை இறக்கினேன். கொசு போயே போய்விட்டது. நிஜமான மனிதர், நிஜமான மூங்கிலில் ஊதினார்.

ஓடிப்போய் அடுக்களையில் உட்கார்ந்து கேட்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. வாஷி லோக்கல் போய்க்கொண்டிருந்தது. அது போனதும் இரண்டு நொடி குழல் கேட்டது. உடனே எதிர்ப்பக்கம் சி.எஸ்.எம்.டி. லோக்கல். அதற்கு நடுவில் எதிர்வீட்டு சஃபீனாவின் மிக்ஸி. கீழ்த்தளத்தில் பாத்திரம் மெருகேற்றும் பட்டறை. மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் மனசாட்சியின் குரலே கேட்காது. குழல் எங்கே கேட்கும்?

புதன், வியாழன், வெள்ளி. தினமும் வேலை முடிந்து வந்து ஏழிலிருந்து எட்டு வரை பாடுபட்டேன். ஸ்பீக்கரைத் திருப்பினேன். குமிழை ஏற்றினேன். ரயிலை ஜெயிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பேனாவை எடுத்தேன்.

ஹாதி பாய் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் ஹாதி பாய் வீட்டுக்குப் பக்கத்தில் தண்டவாளம் இல்லை. ஸ்விட்சை அறுபத்தாறுக்குத் தள்ளினேன். குமிழையும் முக்கால் வரை திருகினேன். பன்வேல் லோக்கல் வந்தது. அதன் தலைக்கு மேலே ஏறி நின்று குழல் ஊதியது! நான் துள்ளினேன்.

"லூசி! கேக்குதா?"

"கேக்கு. கூடவே வேற என்னமோவும் கேக்கு."

"அது ரயிலு."

"ரயிலு போயிருச்சே."

"அது அடுத்த ரயிலு!"

லூசி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே தடவையில் கோத்தாள்.

சனிக்கிழமை ஸ்டேஷனில் அந்த அறிவிப்பைக் கேட்டேன். ஞாயிறு மெகா பிளாக். தண்டவாளப் பராமரிப்பு. குர்லாவுக்கும் வாஷிக்கும் நடுவில் பதினொன்று பத்து முதல் நாலு பத்து வரை ஒரு ரயிலும் ஓடாது. பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேரும் முகத்தைச் சுளித்தார்கள். நான் ஒருவன் மட்டும் சிரித்தேன். ரயிலையே ஜெயித்த குழல், ரயிலே இல்லாத அன்றைக்கு எப்படிக் கேட்கும்! லூசி பாவம், தெரியாமல் பன்னிரண்டு மணி என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மெருகுப் பட்டறைக்கும் விடுமுறை. வானமும் பூமியும் என் பக்கம்.

ஞாயிறு வந்தது. பூசைக்குப் போய்விட்டு வந்தோம். பன்னிரண்டு அடித்தது. லூசி அடுக்களையில் முக்காலியில் உட்கார்ந்து பீன்ஸை எடுத்துக்கொண்டாள். சாட்சிக்கு சஃபீனாவைக் கூப்பிட்டிருந்தாள். அவளும் பீன்ஸோடு வந்தாள். நான் மின்விசிறியை நிறுத்தினேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். ஊசியை இறக்கினேன்.

'உம்ம்ம்ம்...'

குழல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஆனால் வீடு முழுவதும் ஒரு முனகல். அதன் மேல் மழை பெய்வதுபோல் ஒரு 'உஸ்ஸ்'.

"ஏங்க," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "ஃப்ரிட்ஜை எப்பங்க ஹாலுக்கு மாத்துனீங்க?"

எனக்கு வேர்த்தது. இந்த முனகல் ஒரு நாளும் வந்ததில்லையே! இல்லை, வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமையே வந்திருக்கிறது. அதைத்தான் நான் அடுத்த ரயில் என்று சொன்னேன். பட்டறையில் ஒரு பாலபாடம் உண்டு. உருளையை அளக்கும் முன் அதிலிருக்கும் பிசிறைத் துடைக்க வேண்டும். நான் மூன்று நாளும் ரயில் என்ற பிசிறோடு சேர்த்தே அளந்திருக்கிறேன்.

குழல் ஆரம்பித்தது. முதல் மெல்லிய சுரம் எப்படியோ போயிற்று. அடுத்தது மேல் சுரம். இரண்டாயிரம் மடங்கு ஆன அந்தச் சுரம், தாங்க மாட்டாமல் கிழிந்து, 'க்ர்ர்ரீஈஈ' என்று வீறிட்டது.

"அரே அக்கா, குக்கர்!" என்று சஃபீனா எழுந்து ஓடினாள். "உங்களுதா, என்னுதா?"

வராந்தாவில் நான்கு வீட்டுக் கதவு திறந்தது. நான்கு வீட்டிலும் அடுப்பை அணைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு நிசப்தம் அன்று.

நான் ஊசியைத் தூக்கிவிட்டேன். தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. பரணில் கோணிப்பைக்குள் என் பெட்டி குறுகிக் கிடப்பது கண்ணில் வந்தது. ஆனாலும் குர்லா பிளாட்பாரத்தில் எடுத்த முடிவு முடிவுதான். நிமிர்ந்து நின்றேன்.

"லூசி, இன்னொரு தடவ."

ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன்.

"அதுக்கென்ன, வைங்க. ஹாதி பாய் அறுபதுதான சொன்னாரு? அவரு பேச்சத்தான் கொஞ்சம் கேளுங்களேன்," என்றாள் லூசி. "பாட்டு நல்லாக் கேக்கணும்னுதான் எனக்கும் ஆசை."

பரம்பரைப் பகையாளி வாளைக் கீழே போட்டதுபோல் இருந்தது. நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ந்த கணவனைவிட ஆபத்தில் இருப்பவன் உலகத்தில் இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பேனா முனையால் ஸ்விட்சை அறுபதுக்குத் தள்ளினேன். முக்காலில் இருந்த குமிழைக் காலுக்கு இறக்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினேன்.

ஒன்றுமில்லை. அழகான ஒன்றுமில்லை. முனகல் இல்லை, உஸ் இல்லை. அந்த வெறுமையிலிருந்து குழல் எழுந்து வந்தது. மெல்லிய சுரம் மெல்லியதாக வந்தது. மேல் சுரம் கிழியாமல் நிமிர்ந்து நின்றது. ஊதியவர் இடையில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ரயில் இல்லை. பட்டறை இல்லை. பீன்ஸ் நறுக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. இருபத்தோரு நிமிடம் என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் தொடர்ந்து அத்தனை நேரம் உட்கார்ந்தது அன்றுதான்.

பக்கம் முடிந்தது. ஊசி எழுந்தது. லூசி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. நல்லாவே கேட்டுச்சு. அவரு மூச்சு விடுறதுகூடக் கேட்டுச்சு."

"இரைச்சல்?"

"துளிகூட இல்ல. என்ன சஃபீனா?"

"சச்சி அக்கா, நிஜமாத்தான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

"அப்போ நான் ஜெயிச்சாச்சு," என்றேன். "மூலை எனக்கு!"

"இருங்க, ஒரு சந்தேகம்," என்றாள் லூசி. "இந்த மூலையில இருந்து என் முக்காலி வரைக்கும் எத்தன அடி?"

"பதினாலு." அளந்திருக்கிறேன்.

"என் முக்காலியில இருந்து இந்த மூலை வரைக்கும்?"

யோசித்தேன். எதற்குக் கேட்கிறாள் என்று புரியவில்லை. ஆனால் அளவு விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை.

"அதுவும் பதினாலுதான்."

"இங்க பாடினா அங்க மூச்சு விடுறது வரைக்கும் கேக்கு. அப்போ அங்க பாடினா இங்கயும் அப்படித்தானங்க கேக்கும்?"

நான் மூலையையும் அடுக்களையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"தைக்கதுக்கு வெளிச்சம் வேணும். பாட்டுக்கு எதுக்குங்க வெளிச்சம்?"

"எண்ணெய்ப் பிசுக்கு படியும்!"

"மேல கண்ணாடி மூடி இருக்குல்லா? மூடி வைங்க."

"அதிர்வு ஆகாது! ரெக்கார்ட் பிளேயர் அசையவே கூடாது!"

"அதத்தான் நானும் சொல்லுதேன். இங்க ரயிலு போகும்போதெல்லாம் ஸ்டூல் ஆடுது. அங்க கடப்பாக் கல்லு மேடை. ஊறுகாய் ஜாடிகூட அசைஞ்சது கிடையாது. ஸ்பீக்கருக்கும் மேல தட்டு காலி பண்ணி வச்சிருக்கேன்."

"நீ... நீ பந்தயத்துல தோத்துட்டே, லூசி!"

"தோத்துட்டேன்தான். இனிமே உங்க பெட்டியப் பரண்ல ஏத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பாடாத பெட்டினா பரணுக்கு. இவ்வளவு அருமையாப் பாடுத பெட்டிய யாராவது பரண்ல வைப்பாங்களா?"

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிப்பவன் நான். அவள் வாதத்தை மேலும் கீழும் அளந்து பார்த்தேன். எங்கும் பிசகவில்லை. 'செல்லாது' என்று ஒதுக்க முடியவில்லை.

அதற்குள் சஃபீனா எதிர்வீட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டாள். உள்ளே, அவர்கள் வீட்டு ஹாலில், புதுத் தையல் மெஷின் மேஜையோடு பளபளத்தது. வியாழக்கிழமையே வந்து அங்கே காத்திருக்கிறதாம். ஒரு பக்கத்தை லூசி பிடித்தாள். மறுபக்கத்தை என்னைப் பிடிக்கச் சொன்னாள். மெதுவான குரலில்தான் சொன்னாள். பிடித்தேன். மூன்று அடிக்கு இரண்டே முக்கால் அடி மூலையில் அது ஒரு நூல்கூடப் பிசகாமல் உட்கார்ந்தது.

என் பெட்டி இப்போது கடப்பாக் கல் மேடையில் இருக்கிறது. உண்மையைச் சொல்ல வேண்டும்: சத்தம் முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் இசைத்தட்டு என்பது இருபத்தோரு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டிய பொருள். திருப்பிப் போட ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் சும்மா இருக்க முடியாது. பன்வேல் லோக்கல் போய் முடிந்ததும் ஹாலிலிருந்து, மெஷின் ஓசைக்கு மேலே, அந்தப் புள்ளி நாலு மில்லிவோல்ட் குரல் வருகிறது.

"ஏங்க, பக்கம் திருப்பும்போது அப்படியே பருப்பையும் ஒரு கிண்டு கிண்டி விட்டுருங்க."

புது மெஷினில் லூசி முதன்முதலாகத் தைத்தது எனக்குத்தான்: ஒரு சமையல் ஏப்ரன். அளவு கச்சிதம்.